ஆடிக் கடைசியில் காயப்போட்டால்தான் சித்திரையில் எலுமிச்சை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு கோடையிலும் எலுமிச்சை விலை ஏறியதும் நாளிதழ்களில் அது செய்தியாகிறது. வெயில் கடுமை, வரத்துக் குறைவு என்று காரணமும் எழுதுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் வரத்து ஏன் குறைந்தது என்று பங்குனியிலும் சித்திரையிலும் தேடினால் விடை கிடைக்காது. எலுமிச்சையில் பூவிலிருந்து பறிப்புக்கு ஐந்து முதல் ஆறு மாதம் ஆகும். மார்ச் பாதியிலிருந்து மே மாதம் வரை சந்தைக்கு வரவேண்டிய காய், முந்தைய செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் பூத்திருக்க வேண்டும். அப்போது பூக்காத மரத்திடம் சித்திரையில் காய் கேட்டுப் பயனில்லை.

2022 ஏப்ரலில் நாட்டின் பல நகரங்களில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். வெயிலைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். அதற்கு முன்பே, 2021 செப்டம்பர், அக்டோபரில் மகாராஷ்டிரம் போன்ற இடங்களில் மழை அளவுக்கு மீறிப் பெய்து, தண்ணீரை நிறுத்தி மரங்களைக் காயப்போட முடியாமல் போயிருந்தது. அந்தப் பருவப் பூ பெருமளவு தவறியது. பிப்ரவரி, மார்ச் வெப்பம் அடுத்த பருவப் பூவையும் பிஞ்சையும் கெடுத்தது. இரண்டும் சேர்ந்துதான் ஏப்ரல் விலை.

செப்டம்பர், அக்டோபரில் வரும் பூவை வடக்கே அஸ்த பகார் என்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் பூப்பது அம்பே பகார். ஜூன், ஜூலையில் பூப்பது மிருக் பகார். மூன்றிலும் தானாக வருவதில் மிகச் சிறியது அஸ்த பகார்தான். விலை அதிகம் கிடைப்பதும் அதற்குத்தான். ஆகவே அதை வரவழைக்க வேண்டியிருக்கிறது. புளியங்குடி, சங்கரன்கோவில், கடையம் வட்டாரங்களில் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. ஆனால் அண்மைக் காலமாக வாய்வழியாகவும் கைபேசி வழியாகவும் பரவும் யோசனை பாதி உண்மையாக நின்றுவிடுகிறது. "இருபது நாள் தண்ணியை நிறுத்து, பூ மருந்து அடி, பூ தானா வரும்" என்பதே அது. இதை அப்படியே செய்து மரத்தை நுனிக்கருகலுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. மீதிப் பாதியை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

எலுமிச்சை இனத்து மரங்கள் பூ மொட்டுக்கு ஆயத்தமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று குளிர், மற்றொன்று வறட்சி. சில வாரங்களுக்குத் தொடர்ந்து வேண்டிய அளவு குளிர் நம் சமவெளியில் கிடைப்பதில்லை. ஆகவே நமக்கு வறட்சிதான் வழி. வேர் காயும்போது தளிர் வளர்ச்சி நிற்கிறது. மரத்துக்குள் ஜிப்ரலின் என்னும் வளர்ச்சிப் பொருளின் அளவு குறைகிறது. இலையில் செய்த மாவுச்சத்து புதுக் கொழுந்துக்குச் செலவாகாமல் கிளையிலேயே தங்குகிறது. அந்த நிலையில் மொட்டு, இலை மொட்டாகாமல் பூ மொட்டாகத் திரும்புகிறது. பிறகு தண்ணீர் கிடைத்ததும் வெடித்து வருகிறது. சிசிலித் தீவின் எலுமிச்சைக்காரர்கள் ஜூன், ஜூலையில் மரங்களை வாடவிட்டு, பிறகு தண்ணீரும் தழைச்சத்தும் கொடுத்து ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்கவைத்து, மறுகோடையில் 'வெர்டெல்லி' என்ற பச்சைக் காயை விற்பதும் இதே கணக்கில்தான். அவர்களுக்குக் கோடையில் மழை வருவதில்லை. நமக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நம் சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

காயப்போடுவதற்கு முன்பே செய்யவேண்டிய ஒன்று பெரும்பாலும் விட்டுப்போகிறது. மரத்தில் ஏற்கெனவே நிற்கும் காயைப் பறிப்பதுதான் அது. ஆனி, ஆடியில் வரத்து மிகுந்து விலை விழுந்தால், பறிகூலி கூடக் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டுவிடுவது வழக்கம். வளரும் காயும் அதன் விதையும் ஜிப்ரலினைச் சுரந்துகொண்டே இருக்கும். மாவுச்சத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கிளையில் எத்தனை நாள் காயப்போட்டாலும் பூ வராது, வந்தாலும் ஒன்றிரண்டு. விலை இல்லை என்று விட்ட காய், அடுத்த கோடைக்கான பூவைத் தின்றுவிடுகிறது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் முற்றிய காயை எல்லாம், விலை எதுவானாலும், இறக்கிவிட வேண்டும். ஜூன், ஜூலையில் பிடித்த சிறு பிஞ்சு நிறைய இருக்கும் மரங்களை அந்த ஆண்டு இதற்குத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

அடுத்தது கவாத்து. காய்ந்த குச்சி, சொறிநோய் கண்ட நுனி, அடிமரத்திலிருந்து நேராகக் கிளம்பும் போத்து ஆகியவற்றை ஜூலைக்குள் எடுத்துவிடலாம். ஆகஸ்டில் கிளையைப் பலமாக வெட்டினால் மரம் கொழுந்துக்குப் போய்விடும். ஜூலை தொடங்கியதிலிருந்து யூரியாவும் கூடாது. கரும்பச்சையாகத் தளிர்த்து நிற்கும் மரத்தைக் காயப்போட்டால் தளிர்தான் கருகும். பூ வருவது மூன்று, நான்கு மாதம் முதிர்ந்த கிளையில்தான்.

எத்தனை நாள் நிறுத்துவது என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். மண்தான் அதை முடிவு செய்கிறது. செம்மண், மணல் கலந்த செம்மண் என்றால் இரண்டு முதல் மூன்றரை வாரம் போதும். கரிசலில் வாட்டம் தெரிய ஐந்து, ஆறு வாரம் ஆகும். ஆகவே செம்மண்காரர் ஆகஸ்ட் 10 முதல் 15 தேதிக்குள்ளும், கரிசல்காரர் ஜூலைக் கடைசியிலும் தண்ணீரை நிறுத்த வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் ஒரு ஒழுகல் இருந்தால் அந்த மரம் வாடாது. ஊடுபயிருக்கோ வரப்போரத் தென்னைக்கோ பாயும் தண்ணீர் கசிந்தாலும் இதே கதைதான். நிறுத்துவதற்கு முந்தைய நாள் வரிசை வரிசையாகப் பார்த்து அடைத்துவிடுவது நல்லது.

நாளை எண்ணாமல் இலையைப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் மதியம் இலை மேல்நோக்கி மடியும், மாலையில் விரிந்துவிடும். இது போதாது. இரண்டாம் கட்டத்தில் காலை ஆறு மணிக்கும் இலை மடிந்தே இருக்கும், பச்சை மங்கிச் சாம்பல் ஓடும், முதிர்ந்த இலை பழுத்து உதிரத் தொடங்கும். இந்தக் காலை வாட்டம் தொடங்கியபின் சில நாட்கள் பொறுக்கலாம். நாலில் ஒரு பங்கு இலை உதிர்ந்ததும் அன்றே தண்ணீர் விட்டாக வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் பூ அதிகமாகலாம், பிஞ்சைத் தாங்க இலை இருக்காது. அப்படி வாடிய மரத்தில் சூலகம் வளராத வெறும் ஆண் பூக்களும் அதிகம் வரும். பார்க்க வெள்ளையாக நிறைந்திருக்கும், ஒன்றும் காயாகாது.

வேரைத் தோண்டி வெயில் காட்டும் பழக்கம் சில தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. ஆழமான கனத்த மண்ணில், மரத்தைச் சுற்றி இரண்டடி தூரத்துக்கு, மூன்று நான்கு விரற்கடை ஆழம் மட்டும் மேல்மண்ணை நீக்குவார்கள். ஆழமில்லாத செம்மண்ணில் இதைச் செய்யவே கூடாது. எலுமிச்சையின் உணவு வேர்கள் மேல் ஒன்றரை அடிக்குள்தான் பரவியிருக்கின்றன. மண்வெட்டி பட்ட இடத்தில் அழுகல் பூஞ்சாணம் நுழைந்து, ஓராண்டு கழித்து அடிமரத்தில் பிசின் வடியும்போதுதான் தவறு புரியும்.

தண்ணீர் விடும் முறையிலும் நிதானம் வேண்டும். செப்டம்பர் 5 முதல் 10 தேதிக்குள் முதல் தண்ணீர், வழக்கத்தில் பாதி அளவு. மூன்று, நான்கு நாள் கழித்து முழு அளவு. அதன்பின் மண் காயாமல் வழக்கம்போல. காய்ந்த வேரை ஒரே நாளில் வெள்ளத்தில் மூழ்கடித்தால் நுனிவேர் மூச்சடைத்துச் சாகும், இலை ஒட்டுமொத்தமாகக் கொட்டும்.

முதல் தண்ணீரோடு உரமும் போகவேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு ஆண்டுக்கு 600 கிராம் தழைச்சத்து, 200 கிராம் மணிச்சத்து, 300 கிராம் சாம்பல்சத்து, 30 கிலோ தொழு உரம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தழைச்சத்தை மார்ச், அக்டோபர் என இரண்டாகப் பிரிப்பார்கள். மற்றவை அக்டோபரில். கோடைக் காய் எடுப்பவர்கள் இந்த அக்டோபர் உரத்தைச் செப்டம்பர் தண்ணீருக்கு முன்னே கொண்டுவந்துவிடுவது சரி என்பது எங்கள் கருத்து. ஒரு மரத்துக்கு யூரியா 650 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1¼ கிலோ, பொட்டாஷ் 500 கிராம் என்று வரும். அடிமரத்திலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி வட்டப்பாத்தியில் போட்டு, லேசாகக் கொத்தி மூடவேண்டும். யூரியாவை இரண்டு தவணையாக, முதல் தண்ணீருக்குப் பாதியும் பூ கண்டபின் பாதியும் கொடுத்தால் கொழுந்து மிஞ்சாது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் முதல் தண்ணீரிலிருந்து மூன்று, நான்கு வாரத்தில் பூ வரும்.

இனி மருந்து. கடைகளில் மிக அதிகத் தவறு நடப்பது இங்கேதான். அகில இந்திய அளவில் பழ ஆராய்ச்சியாளர்கள் எலுமிச்சையின் அஸ்த பகாருக்குச் சோதித்துச் சொன்ன வரிசை இது: ஜூனில் ஜிப்ரலிக் அமிலம் 50 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), செப்டம்பரில் சைக்கோசெல் 1000 பிபிஎம், அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் 1 முதல் 2 சதவீதம். மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. முதலாவது ஜூன், ஜூலைப் பூவைத் தடுத்துக் கிளையை வளர்க்கிறது. இரண்டாவது, மரம் சொந்தமாக ஜிப்ரலின் செய்வதைத் தடுத்து வளர்ச்சியை நிறுத்துகிறது. மூன்றாவது, ஆயத்தமான மொட்டை உடைத்துக் கிளப்புகிறது.

கவனியுங்கள், ஜிப்ரலிக் அமிலம் இங்கே பூவைத் தடுக்கும் மருந்து. அதையே பூ டானிக் என்று ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எலுமிச்சைக்குக் கொடுக்கிறார்கள். மல்லிகைக்கோ வேறு பயிருக்கோ எப்படியோ, எலுமிச்சையில் பூ ஆயத்தமாகும் நேரத்தில் அது பட்டால் அத்தனை நாள் காயப்போட்டதும் வீண். அளவிலும் ஏமாற்றம் உண்டு. 0.001 சதவீதம் என்று புட்டியில் அச்சிட்ட திரவம், தண்ணீரே கலக்காமல் அடித்தாலும் 10 பிபிஎம்தான். அதிலிருந்து 50 பிபிஎம் கரைசலை யாராலும் செய்ய முடியாது. 40 சதவீதக் குருணை என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 1.25 கிராம். 90 சதவீதத் தூள் என்றால் 100 லிட்டருக்கு ஐந்தரை கிராம், முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துப் பிறகு தண்ணீரில் விடவேண்டும். சைக்கோசெல் 50 சதவீதத் திரவத்தில் லிட்டருக்கு 2 மில்லி. பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 முதல் 20 கிராம்.

இந்த நாள்காட்டியை அப்படியே தென்மாவட்டத்தில் பின்பற்றினால் பூ சரியாக ஐப்பசி அடைமழையில் விரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவது வழக்கம். ஆகவே இங்கே எல்லாவற்றையும் சுமார் மூன்று வாரம் முன்னுக்குத் தள்ளவேண்டும். மே கடைசி அல்லது ஜூன் முதல் வாரத்தில் ஜிப்ரலிக் அமிலம். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் (கரிசலில் ஜூலைக் கடைசியில்), தண்ணீரை நிறுத்தும் அன்றோ மறுநாளோ, சைக்கோசெல். இலை வாடியபின் சைக்கோசெல் அடித்தால் இலை அதை வாங்காது, கருகலும் வரும். பொட்டாசியம் நைட்ரேட் இரண்டாம் தண்ணீருக்குப் பிறகு, இலை நிமிர்ந்தபின், மாலை வேளையில். இளங்கொழுந்து தெரிந்தால் 10 கிராமுக்கு மேல் வேண்டாம். தாமிர மருந்தோடு இதைக் கலக்கக் கூடாது.

மாமரத்துக்குப் பயன்படும் பாக்குளோபியூட்ரசால் என்ற வளர்ச்சி தடுக்கும் மருந்தை எலுமிச்சை வேரில் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. தாய்லாந்தில் சிமெண்ட் வளையங்களில் வளர்க்கும் எலுமிச்சைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. அங்கே வேர் ஒரு வளையத்துக்குள் அடங்கியிருக்கிறது. நம் தோட்டத்து மண்ணில் அது பல மாதம் தங்கும். அளவு மிஞ்சினால் கணு நெருங்கிக் கிளை குட்டையாகிவிடும், திரும்பப் பழைய நிலைக்கு வர நெடுங்காலம் பிடிக்கும். அது வேண்டாம் என்பதே எங்கள் துணிபு. எந்த மருந்தானாலும் உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்கி, வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டபின், முதல் ஆண்டு பத்து மரத்தில் மட்டும் பார்ப்பது நல்லது.

மழை குறுக்கிட்டால் என்ன செய்வது? இதுதான் எங்கள் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. காயப்போட்ட முதல் பத்து நாளுக்குள் நல்ல மழை பெய்தால், நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். காலை வாட்டம் கண்டபின் 25 மில்லிமீட்டருக்கு மேல் பெய்துவிட்டால், அதையே முதல் தண்ணீராக எண்ணி மறுநாளே உரம் வைத்துவிட வேண்டும். மேலும் காயட்டும் என்று காத்திருந்தால் பாதி மரம் பூக்கும், பாதி தளிர்க்கும். செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் ஆகஸ்ட் வரை சாரல் விழும் தோட்டங்களுக்கு இந்த முறை ஒத்துவராது. கிழக்கே சங்கரன்கோவில் பக்கத்து வறண்ட செம்மண்ணில்தான் வாய்ப்பு அதிகம்.

பூவும் பிஞ்சும் மழையில் நிற்கப்போகின்றன என்பதால் சொறிநோய் நிச்சயம் எட்டிப்பார்க்கும். புதுக்கொழுந்தில் இலைத்துளைப்பான் போட்ட கோடு வழியாகத்தான் அந்தக் கிருமி எளிதில் நுழைகிறது. ஆகவே கொழுந்து விரல் நீளம் வரும்போதே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், பத்து நாள் இடைவெளியில் இருமுறை. பூ விரிவதற்கு முன் ஒருமுறையும், இதழ் உதிர்ந்தபின் ஒருமுறையும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம். பூ விரிந்திருக்கும் நாட்களில் எந்த மருந்தும் வேண்டாம், தேனீ வரட்டும். கொழுந்துக்கு ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், சுண்ணாம்புத் தெளிவு கலந்து. பிஞ்சு உதிர்ந்தால் என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கி 20 பிபிஎம், அதாவது 4.5 சதவீதத் திரவத்தில் 10 லிட்டருக்கு நாலரை மில்லி. 2,4-டி என்ற களைக்கொல்லியையும் மிகக் குறைந்த அளவில் இதற்குப் பயன்படுத்துவது உண்டு. பக்கத்தில் பருத்தி, தக்காளி, மிளகாய் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். காற்றில் போன சாரலே அந்தப் பயிரைச் சுருட்டிவிடும்.

இவ்வளவும் செய்தபின் காய் பெருக்கவேண்டிய நேரம் மாசி, பங்குனி. அப்போது கிணற்றில் தண்ணீர் இல்லாதவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஆறு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 110 மரம் இருக்கும். வளர்ந்த மரத்துக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் 5,500 லிட்டர். அது நூறு நாளைக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்று ஆடியிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த மரம், நுனிக்கருகல் கண்ட மரம், இலை வெளுத்துச் சத்துக் குறைந்த மரம் ஆகியவையும் கூடாது. நல்ல தோட்டத்திலும் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மரம் மட்டும், அடுத்த ஆண்டு வேறு பங்கு. ஒரே மரத்தை ஆண்டுதோறும் வாட்டினால் அதன் ஆயுள்தான் குறையும்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரலில் விலைச் செய்தி போடுவது போல, ஜூலைக் கடைசியில் காயப்போடும் நாளையும் செப்டம்பர் தொடக்கத்தில் தண்ணீர் விடும் நாளையும் விவசாயப் பகுதியில் நினைவூட்டுங்கள். வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையமும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் அந்தந்த வார மழை வாய்ப்பைப் பார்த்து, மண் வகைவாரியாகத் தேதி சொன்னால் அதையும் வெளியிடுங்கள். ஜிப்ரலிக் அமிலப் புட்டியில் எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில் கூடாது என்பதைத் தமிழில் பெரிதாக அச்சிட வேளாண் துறை ஆவன செய்ய வேண்டும்.

இந்த ஆண்டு செப்டம்பர் 20 தாண்டியும் காயப்போட முடியாதவர்கள், மழைக்கு நடுவே முயன்று மரத்தைக் கெடுக்க வேண்டாம். மழைநீர் தேங்காமல் வடிகால் வெட்டி, டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்தபின் மண்ணைத் தானாகக் காயவிட்டால் தை, மாசியில் பூ வரும். காய் ஆடியில் கிடைக்கும். விலை குறைவுதான், ஆனால் அதற்கு மருந்துச் செலவு இல்லை, மரமும் பிழைத்திருக்கும்.

இப்படிக்கு,
எலுமிச்சை விவசாயிகள் சிலர்,
தென்காசி மாவட்டம்.